அகச்சிவப்பு நிறமாலை புற்றுத் திசுவின் வேதியியலைக் காட்டுமா?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. புற்றுநோய்த் திசுவுக்கும் நலமான திசுவுக்கும் இடையே அகச்சிவப்பு நிறமாலையில் தெரியும் வேறுபாடுகள் உண்மையிலேயே புற்றுநோயின் வேதியியலைக் காட்டுகின்றனவா என்பது முதல் பகுதி. கல்லூரி வேதியியல் துறையில் இருக்கும் சாதாரண எஃப்.டி.ஐ.ஆர். (ஃபூரியே உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலை) கருவியையும் மருத்துவமனையிலிருந்து கிடைக்கும், திசு பதித்த மெழுகுக் கட்டிகளையும் கொண்டு ஒரு முதுகலை மாணவர் இதில் பொருட்படுத்தத்தக்க ஆய்வு எதையேனும் செய்ய முடியுமா என்பது இரண்டாம் பகுதி. முதலாவதற்கு என் பதில்: காட்டும், ஆனால் ஒளி எந்த வகை உயிரணுக்களின் வழியே சென்றது என்று தெரிந்த பிறகுதான் அந்த வேறுபாட்டுக்கு ஒரு வேதியியல் பெயரைச் சூட்ட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைக் கடைப்பிடிக்காததால்தான் இத்துறையின் முப்பது ஆண்டு உழைப்பில் பெரும் பங்கு திருத்தங்களிலேயே கழிந்தது. இரண்டாவதற்கும் ஆம் என்றே சொல்வேன். எந்த ஆய்வு என்பதைக் கடைசியில் விளக்குகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூலக்கூறின் பிணைப்புகள் ஓயாமல் அதிர்கின்றன. எந்த அதிர்வின்போது இருமுனைத் திருப்புத்திறன் (மின்னூட்டம் இருபுறமாகப் பிரிந்து நிற்கும் அளவு) மாறுகிறதோ, அந்த அதிர்வுக்குப் பொருந்தும் அகச்சிவப்பு ஒளியை மூலக்கூறு உட்கவர்கிறது. திசு ஆய்வுக்குப் பயன்படுவது நடு அகச்சிவப்புப் பகுதி, அதாவது சென்டிமீட்டருக்கு 4000 முதல் 400 வரையிலான அலையெண்கள் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை). இனி வரும் அலையெண்கள் யாவும் இந்த அலகில்தான். எஃப்.டி.ஐ.ஆர். கருவியில் மைக்கல்சன் குறுக்கீட்டுமானி எல்லா அலையெண்களையும் ஒரே நேரத்தில் திசுவின் வழியே செலுத்துகிறது. பதிவான குறுக்கீட்டு வரைவை ஃபூரியே உருமாற்றம் நிறமாலையாக மாற்றித் தருகிறது. சாயம் ஏற்றாமலும் ஆன்டிபாடி சேர்க்காமலும் திசுவில் உள்ள புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம், மாவுச்சத்து ஆகிய அனைத்தும் ஒரே அளவீட்டில் பதிவாகின்றன என்பதே இம்முறையின் மீதான ஈர்ப்புக்குக் காரணம்.

உலர்ந்த திசுச் சீவலின் நிறமாலையில் முதலில் கண்ணில் படுவது புரதம். பெப்டைடு பிணைப்பிலுள்ள கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பின் நீட்சி 1650 அருகே அமைடு 1 பட்டையாக எழுகிறது. நைட்ரஜன்–ஹைட்ரஜன் வளைவும் கார்பன்–நைட்ரஜன் நீட்சியும் கலந்த அதிர்வு 1545 அருகே அமைடு 2 பட்டையாகிறது. புரதம் ஆல்ஃபா சுருளாக மடிந்திருந்தால் அமைடு 1 பட்டையின் உச்சி 1650-க்குச் சற்று மேலேயும், பீட்டா தாளாக மடிந்திருந்தால் 1630-ஐ ஒட்டியும் இருக்கும். 2800 முதல் 3000 வரை கொழுப்புச் சங்கிலிகளின் கார்பன்–ஹைட்ரஜன் நீட்சிகளும், 1740-இல் கொழுப்பின் எஸ்டர் தொகுதியும் தெரியும். நியூக்ளிக் அமிலங்களிலும் பாஸ்போலிப்பிடுகளிலும் உள்ள பாஸ்பேட் தொகுதி 1240, 1080 ஆகிய இரண்டு இடங்களில் பட்டை தருகிறது. உயிரணு சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன் 1025, 1080, 1150 ஆகிய மூன்று இடங்களிலும், நார்ப்புரதமான கொலாஜன் 1204, 1282, 1338 ஆகிய மூன்று சிறு உச்சிகளிலும் தன்னைக் காட்டிக்கொள்கின்றன.

இந்த எண்களைப் பார்த்ததுமே ஒரு சிக்கல் புலப்பட வேண்டும். 1080-இல் பாஸ்பேட்டும் கிளைக்கோஜனும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. 1240-இல் பாஸ்பேட்டோடு புரதத்தின் அமைடு 3 பட்டையும் கொலாஜனும் சேர்ந்துகொள்கின்றன. திசுவில் ஈரம் மிச்சமிருந்தால் நீரின் வளைவு அதிர்வு 1640 அருகே வந்து அமைடு 1 பட்டைக்குள் புகுந்துவிடுகிறது. ஆகவே "புற்றுத் திசுவில் 1080 பட்டை உயர்ந்திருக்கிறது, எனவே டி.என்.ஏ. கூடியிருக்கிறது" என்று யாராவது எழுதியிருந்தால், அவர் 1025-இலும் 1150-இலும் என்ன நடந்தது என்று காட்டியிருக்கிறாரா என முதலில் பாருங்கள். காட்டவில்லை என்றால் அந்த முடிவை ஏற்க வேண்டியதில்லை. இரண்டு பட்டைகளின் விகிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு முடிவு எழுதும் கட்டுரைகளையும் இதே கண்ணோடுதான் அணுக வேண்டும். விகிதம் கூடியதற்கு மேலுள்ளது கூடியது காரணமா, கீழுள்ளது குறைந்தது காரணமா என்பதை அந்த எண் சொல்லாது.

திசுக்களின் அகச்சிவப்பு நிறமாலையை எடுப்பது புதிய முயற்சியன்று. எல்கன் பிளவுட்டும் ராபர்ட் மெல்லர்ஸும் 1949-இலேயே 'சயின்ஸ்' இதழில் திசுக்களின் நிறமாலைகளை வெளியிட்டனர். 1952-இல் வோர்ன்லி நலமான திசுக்களையும் புற்றுத் திசுக்களையும் ஒப்பிட்டு 'கேன்சர் ரிசர்ச்' இதழில் எழுதினார். அன்றைய கருவிகளின் மெதுவான அளவீட்டையும் இரைச்சலையும் வைத்துக்கொண்டு அதற்குமேல் செல்ல இயலவில்லை. ஃபூரியே உருமாற்றக் கருவிகளும் மலிவான கணினிகளும் பரவிய பிறகு ஆர்வம் மீண்டும் எழுந்தது. 1990-இல் பாசில் ரிகாஸ் குழுவினர் பெருங்குடல் புற்றின் நிறமாலை இயல்புக்கு மாறாக இருப்பதாக அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அறிவித்தனர். மறு ஆண்டு, அதே இதழில், பி.டி.டி. வோங் குழுவினர் 150-க்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பை வாயிலிருந்து உதிர்த்தெடுத்த உயிரணுக்களை ஆராய்ந்து, புற்றிலும் புற்றுக்கு முந்தைய நிலையிலும் நிறமாலை தெளிவாக மாறுகிறது என்று எழுதினர். பாப் ஸ்மியர் கண்ணாடிகளை (கருப்பை வாயிலிருந்து சுரண்டிய உயிரணுக்களைப் பூசியவை) மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கும் வேலையை ஒரு கருவி சில நிமிடங்களில் முடித்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

இந்தக் கருப்பை வாய் ஆய்வைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. வோங் குழுவினர் கண்ட மாற்றங்களில் முதன்மையானது 1025 அருகேயுள்ள கிளைக்கோஜன் பட்டை வீழ்ந்தது. அந்த அளவீட்டில் பிழை இல்லை. கருப்பை வாய்ப் புற்றில் கிளைக்கோஜன் குறைவது உண்மை. சிக்கல், வேறு எந்தெந்தக் காரணங்களால் அது குறையும் என்பதில் இருந்தது. கருப்பை வாயின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் தட்டை எபிதீலியம் பல அடுக்குகளால் ஆனது. அடித்தளத்தில் பிறக்கும் உயிரணு மேல்நோக்கி நகர்ந்து முதிரும்போது ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது. எனவே மேலடுக்கு உயிரணுவில் கிளைக்கோஜன் நிரம்பியிருக்கும், அடியடுக்கு உயிரணுவில் ஏறத்தாழ இருக்காது. இரண்டுமே முழு நலத்தோடு இருப்பவை. மாதவிடாய் நின்ற பெண்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எபிதீலியம் மெலிந்து கிளைக்கோஜனும் குறைகிறது. உட்புறக் கால்வாயைப் போர்த்தும் தூண் வடிவ உயிரணுக்கள் கிளைக்கோஜனுக்குப் பதிலாகச் சளிப்பொருளைச் சுரக்கின்றன. அழற்சி இருந்தால் வெள்ளையணுக்கள் வந்து கலக்கின்றன. இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் குழைத்து எடுத்த ஒரே நிறமாலையில் 1025 தாழ்ந்திருந்தால், புற்றும் காரணமாக இருக்கலாம், வயதும் காரணமாக இருக்கலாம், தூரிகை எந்த இடத்தைச் சுரண்டியது என்பதும் காரணமாக இருக்கலாம்.

1990களின் பிற்பகுதியில் இதை முறையாக அவிழ்த்துக் காட்டியவர்கள் இரண்டு குழுவினர். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பேடன் வுட், டான் மெக்நாட்டன் முதலியோர் வெள்ளையணு, இரத்தம், சளி, தூண் உயிரணு என ஒவ்வொரு கலப்படத்தையும் தனித்தனியே நுண்ணோக்கியின் கீழ் அளந்து, அவற்றில் சில புற்றின் நிறமாலையை எவ்வளவு நெருக்கமாகப் போலி செய்கின்றன என்று காட்டினர். அமெரிக்காவில் மேக்ஸ் டீம் குழுவினர் கருப்பை வாய்த் திசுவின் சீவலில் அடுக்கு அடுக்காக நிறமாலை எடுத்து, ஒரே நலமான திசுவுக்குள் அடுக்குக்கு அடுக்கு உள்ள வேறுபாடு, நலத்துக்கும் நோய்க்கும் இடையே சொல்லப்பட்ட வேறுபாட்டுக்குக் குறைந்ததன்று என்று நிறுவினர். இத்துறையில் நுழையும் எவரும் முதலில் படிக்க வேண்டியவை நோயைக் கண்டறிந்ததாகச் சொல்லும் கட்டுரைகளைவிட இவையே என்பது என் உறுதியான கருத்து.

கிளைக்கோஜன் குறைவு என்ற இதே வேதியியலை நிறமாலைக்கருவி இல்லாமலே மருத்துவர்கள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த வால்டர் ஷில்லர் 1920களின் இறுதியில் கருப்பை வாயில் அயோடின் கரைசலைத் தடவிப் பார்த்தார். கிளைக்கோஜன் உள்ள நலமான பகுதி கரும்பழுப்பாக நிறமேற, கிளைக்கோஜன் இழந்த பகுதி நிறமேறாமல் நின்றது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் கருப்பை வாய்ப் பரிசோதனையில் அசெட்டிக் அமிலத்தோடு அயோடினையும் தடவிப் பார்க்கும் முறை இதிலிருந்து வந்ததே. அயோடின் ஏறாத இடமெல்லாம் புற்று என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. சந்தேகத்துக்குரிய இடம் என்று மட்டும் கொண்டு, அங்கிருந்து திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். 1025 பட்டையின் வீழ்ச்சிக்கும் அந்த அளவு பொருளைத்தான் தர வேண்டும்.

அடுத்து டி.என்.ஏ.வைப் பார்ப்போம். புற்று உயிரணுவின் உட்கரு பெரிதாகவும் அடர்ந்தும் இருப்பதால் பாஸ்பேட் பட்டைகள் உயரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் உட்கருவில் டி.என்.ஏ. மிக நெருக்கமாகச் சுருண்டிருக்கும்போது அந்தச் சிறு புள்ளியில் விழும் ஒளி முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. உட்கவர்வு செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற பீர்–லாம்பர்ட் விதி அங்கே பொருந்தாது, டி.என்.ஏ. தன் உண்மையான அளவைவிடக் குறைவாகவே நிறமாலையில் தெரிகிறது. உயிரணு உலர்ந்ததா ஈரமாக இருக்கிறதா என்பதும் முக்கியம். நீர் உள்ளபோது டி.என்.ஏ. தன் இயல்பான பி வடிவத்தில் இருந்து கூர்மையான பாஸ்பேட் பட்டைகளைத் தருகிறது. உலர்த்தும்போது ஏ வடிவத்தை ஒத்த நிலைக்கு மாறி, பட்டை அகன்று இடம்பெயர்கிறது. மேலும், வேகமாகப் பெருகும் எந்த உயிரணுவிலும் உயிரணுச் சுழற்சியின் கட்டத்தைப் பொறுத்து டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. பட்டைகள் மாறுகின்றன, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணிலும் இதைக் காணலாம்.

ஒளியின் சிதறல் ஏற்படுத்தும் பிழை இதைவிட நயவஞ்சகமானது. உயிரணுவும் உட்கருவும் ஏறத்தாழ அகச்சிவப்பு அலைநீளத்தின் அளவிலேயே இருப்பதால் அவை ஒளியை உறிஞ்சுவதோடு வலுவாகச் சிதறடிக்கவும் செய்கின்றன. உட்கவர்வுப் பட்டையின் அருகே ஒளிவிலகல் எண் ஏறி இறங்குவதால் சிதறலும் அங்கே ஏறி இறங்குகிறது. விளைவாக அமைடு 1 பட்டையின் உயர் அலையெண் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்து, உச்சி தாழ்ந்த அலையெண்ணை நோக்கி நகர்ந்ததுபோல் தோற்றமளிக்கிறது. அமைடு 1 உச்சி கீழே நகர்வது பீட்டா தாள் கூடியதன் அடையாளம் என்று முன்பே சொன்னேன். ஆகவே பெரிய, உருண்ட உட்கரு கொண்ட உயிரணுவின் சிதறலைப் புரதத்தின் வடிவ மாற்றம் என்று படிப்பதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அப்படிப் படிக்கவும் பட்டது. மான்செஸ்டரில் பீட்டர் கார்ட்னர் குழுவினர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தச் சிதறலுக்கான (ஒத்திசைவு மீ சிதறல் என்பது இதன் பெயர்) திருத்த நிரலை உருவாக்கிய பிறகுதான் இந்தக் குழப்பம் தெளியத் தொடங்கியது. திருத்தம் செய்யாத நிறமாலையிலிருந்து புரத வடிவத்தைப் பற்றிப் பேசும் முடிவுகளை இன்று யாரும் அப்படியே ஏற்கக் கூடாது.

திசுவை எதன்மேல் வைக்கிறோம் என்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. சாதாரணக் கண்ணாடித் தகடு நமக்கு வேண்டிய பகுதியில் ஒளியை முற்றிலும் தடுத்துவிடும். கால்சியம் ஃபுளோரைடு, பேரியம் ஃபுளோரைடு தகடுகள் ஒளியை விடுகின்றன, ஆனால் விலை அதிகம். அகச்சிவப்பைப் பிரதிபலிக்கும் மெல்லிய பூச்சு கொண்ட மலிவான தகடுகள் ஒரு காலத்தில் பெரிதும் பயன்பட்டன. அவற்றில் உள்ளே வரும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து நிலை அலையாக நிற்பதால், சீவலின் தடிமன் சிறிதே மாறினாலும் பட்டைகளின் உயரங்கள் நேர்விகிதமின்றி மாறுகின்றன என்று பின்னர் தெரியவந்தது. வேதியியல் வேறுபாடு என்று நினைத்தது வெட்டும் கத்தியின் வேறுபாடாக இருந்திருக்கக் கூடும்.

உங்களுக்குக் கிடைக்கும் மெழுகுக் கட்டிகளைப் பற்றி. அறுவையில் எடுத்த திசு ஃபார்மலினில் பதப்பட்டு, ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிக்கப்படுகிறது. ஃபார்மலின் புரதங்களுக்கு இடையே மெத்திலீன் பாலங்களைக் கட்டுகிறது. ஆல்கஹாலும் சைலீனும் திசுவின் கொழுப்பில் பெரும்பகுதியைக் கரைத்து வெளியேற்றிவிடுகின்றன. பாரஃபின் தன் பங்குக்கு 2920, 2850, 1462, 1373 ஆகிய இடங்களில் வலுவான பட்டைகளைத் தருகிறது. எனவே மெழுகுக் கட்டியிலிருந்து எடுத்த சீவலை வைத்துக் கொழுப்பின் வேதியியலைப் பேசுவதில் பொருளில்லை. அதற்கு உறைநிலையில் வெட்டிய திசு வேண்டும். கிளைக்கோஜனும் நீர் கலந்த ஃபார்மலினில் ஓரளவு கரைந்துபோகலாம். இவற்றுக்கும் முன்னதாக, இரத்த ஓட்டம் அறுந்த நொடியிலிருந்து ஃபார்மலினில் விழும் நொடிவரை திசு தன் கிளைக்கோஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. இந்த இடைவெளி எவ்வளவு என்பது பல ஆய்வுகளில் குறிக்கப்படுவதே இல்லை.

இவ்வளவு தடைகளுக்குப் பிறகும் இத்துறை உறுதியான இடத்தை அடைந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் படமாக்கும் முறை. ஒற்றை உணர்கருவிக்குப் பதிலாக 128-க்கு 128 என அணியாக அடுக்கிய உணர்கருவிகளை நுண்ணோக்கியில் பொருத்தினால், ஒரே அளவீட்டில் 16,384 நிறமாலைகள், ஒவ்வொன்றும் திசுவின் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு கிடைக்கின்றன. அலைநீளத்தின் அளவே எல்லையாக இருப்பதால் 1650-இல் சுமார் 6 மைக்ரானுக்கும் 1000-இல் சுமார் 10 மைக்ரானுக்கும் கீழே துல்லியம் போவதில்லை. ஆனாலும் எபிதீலியத்தையும் தாங்குதிசுவையும் பிரித்துப் பார்க்க அது போதும். ரோஹித் பார்கவா உள்ளிட்ட குழுவினர் 2005-இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வெளியிட்ட புராஸ்டேட் ஆய்வின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அவர்கள் முதலில் நிறமாலையைக் கொண்டு எது எபிதீலியம், எது நார்த்திசு, எது தசை என்று திசுவின் அமைப்பையே வரைந்தார்கள். எபிதீலியத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்ட பிறகுதான் அதற்குள் புற்று எது என்று கேட்டார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன நிபந்தனை அங்கே ஆய்வின் முறையாகவே ஆகிவிட்டது.

பெருங்குடலுக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். நலமான பெருங்குடலின் உட்படலத்தில் சளியைச் சுரக்கும் கோப்பை உயிரணுக்கள் நிறைந்துள்ளன. புற்றில் அவை பெரும்பாலும் அருகிவிடுகின்றன, சுற்றிலும் கொலாஜன் பெருகுகிறது. முழுத் திசுத் துண்டை அரைத்து ஒப்பிட்டால் சளியின் சர்க்கரைப் பட்டை குறைந்து கொலாஜன் பட்டை கூடியதாகத் தெரியும். அது உண்மையான வேதியியல் மாற்றமே. ஆனால் உயிரணுக்களின் விகிதம் மாறியதன் விளைவு அது, புற்று உயிரணுவின் உள்ளே நடந்த மாற்றமன்று. இரண்டையும் பிரித்தறிய விரும்பினால் சுரப்பிக் குழியின் உயிரணுவைப் புற்றுச் சுரப்பியின் உயிரணுவோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வேகம் என்ற தடையையும் இன்று பெருமளவு கடந்துவிட்டார்கள். 1994-இல் பெல் ஆய்வகத்தில் உருவான குவாண்டம் அருவி லேசர் நடு அகச்சிவப்பில் செறிவான ஒளியைத் தருவதால், தேவையான அலையெண்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பல மணி நேரம் பிடித்த அளவீட்டை நிமிடங்களில் முடிக்க முடிகிறது. ஜெர்மனியின் போகும் நகரில் கிளாஸ் கெர்வெர்ட் குழுவினர் 2018-இல், 110 நோயாளிகளின் பெருங்குடல் திசுவை இவ்வாறு ஆராய்ந்து, நோயியல் மருத்துவரின் முடிவோடு ஒப்பிடும்போது 96 விழுக்காடு உணர்திறனும் (புற்றைத் தவறவிடாத அளவு) 100 விழுக்காடு தனித்தன்மையும் (நலமானதைப் புற்று என்று சொல்லாத அளவு) கிடைத்ததாக வெளியிட்டனர். இந்த லேசர்கள் வழக்கமாக 1800 முதல் 900 வரை மட்டுமே இயங்குவதால் கொழுப்பின் 2900 பகுதி விடுபடுகிறது என்பதையும், லேசரின் அலைகள் ஒரே கட்டத்தில் செல்வதால் படத்தில் புள்ளி இரைச்சல் எழலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

புள்ளியியலில் ஒரே ஒரு விஷயத்தை வலியுறுத்துகிறேன். பத்து நோயாளிகளின் திசுவைப் படமாக்கினால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகள் கிடைக்கும். ஆனால் மாதிரியின் அளவு பத்துதான். ஒரே நோயாளியின் நிறமாலைகளில் ஒரு பகுதியைக் கணினிக்குப் பயிற்சி தரவும் மறு பகுதியைச் சோதிக்கவும் பயன்படுத்தினால், கணினி நோயை அல்லாமல் அந்த நோயாளியை அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறது. முடிவு மிக உயர்ந்த துல்லியத்தோடு வரும், அடுத்த நோயாளியிடம் செல்லாது. ஒரு நோயாளியின் நிறமாலைகள் அனைத்தும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். புற்றுத் திசுக்கள் ஒரு மருத்துவமனையிலிருந்தும் நலமான திசுக்கள் வேறொன்றிலிருந்தும் வந்தாலும் இதே ஆபத்து உண்டு, அப்போது கணினி கற்பது ஃபார்மலினின் வேறுபாட்டை.

நிறமாலை உண்மையான வேதியியலைச் சந்தேகமின்றிக் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கேட்டால், மார்பகத்தின் நுண் சுண்ணப் படிவுகளைத்தான் சொல்வேன். மேமோகிராம் படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரியும் இந்தப் படிவுகள் இரு வகை: கால்சியம் ஆக்சலேட், ஹைட்ராக்சிஅப்படைட். ஆக்சலேட் 1620, 1320 அருகேயும், அப்படைட்டின் பாஸ்பேட் 1030 அருகேயும் தெரிவதால் பிரித்தறிவது எளிது. ஆக்சலேட் படிவுகள் பெரும்பாலும் தீங்கற்ற நிலையில் காணப்படுகின்றன; அப்படைட் தீங்கற்ற நிலை, புற்று ஆகிய இரண்டிலும் உண்டு. அப்படைட் படிகத்தில் சில பாஸ்பேட் இடங்களைக் கார்பனேட் பிடித்துக்கொள்கிறது, அது 1410 முதல் 1450 வரையிலும் 875 அருகிலும் தனிப் பட்டை தருகிறது. நிக்கோலஸ் ஸ்டோன், கீத் ரோஜர்ஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தீங்கற்ற திசுவிலிருந்து நாளத்துக்குள் அடங்கிய புற்று, ஊடுருவும் புற்று என்று போகப்போக இந்தக் கார்பனேட் அளவு குறைந்துகொண்டே வருவதைக் காட்டினர். இங்கே பட்டைக்கும் பொருளுக்கும் இடையே குழப்பம் இல்லை. படிவு ஒரு தாது, எந்த உயிரணுவின் பட்டையும் அதன்மேல் பெரிதாகப் படிவதில்லை. ஃபார்மலினில் அமிலத்தன்மை இல்லாதவரை பதப்படுத்தலிலும் அது கரைவதில்லை. மெழுகின் 1462 பட்டை மட்டும் கார்பனேட்டுக்கு அருகில் வருவதால், 875 பட்டையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. உங்கள் கருவியில் நுண்ணோக்கி இல்லை, வைர முனை கொண்ட ஏ.டி.ஆர். இணைப்பு (திசுவை வைரத்தோடு அழுத்தி, உள்ளே பிரதிபலிக்கும் ஒளியைக் கொண்டு அளப்பது) இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். திசுவைப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து வில்லையாக்கும் வழியை விட்டுவிடுங்கள். எந்த இடம் என்ற செய்தி அதில் முற்றிலும் அழிந்துவிடுகிறது. ஏ.டி.ஆர். முறையில் ஒளி திசுவுக்குள் ஒன்று அல்லது இரண்டு மைக்ரான் ஆழம்தான் புகுகிறது, அளக்கும் பரப்பு ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சீவல் மெலிதாகவோ ஓட்டையாகவோ இருந்தால் அடியிலுள்ள கண்ணாடியின் சிலிக்கன்–ஆக்சிஜன் பட்டை 900 முதல் 1100 வரை வந்து கிளைக்கோஜன், பாஸ்பேட் பகுதியையே கெடுத்துவிடும். ஆகவே கண்ணாடியின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, அதன்மேல் 8 முதல் 10 மைக்ரான் சீவலை வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு சீவல்களில் ஒன்றுக்கு ஹீமாடாக்சிலின்–ஈயோசின் சாயமேற்றி, எங்கே எபிதீலியம், எங்கே தாங்குதிசு என்று நோயியல் மருத்துவரைக் கொண்டு குறித்து வாங்கிய பிறகே மற்றொன்றை அளக்கத் தொடங்குங்கள். மனிதத் திசு என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி முதலில் கையில் இருக்க வேண்டும்.

ஆனாலும், ஒரு முதுகலை ஆய்வுக்கு நான் பரிந்துரைப்பது புற்றைக் கண்டறியும் முயற்சியை அன்று. இறைச்சிக் கடையில் ஆட்டை அறுத்தவுடனே கிடைக்கும் ஈரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரலில் கிளைக்கோஜன் நிறைய இருக்கும். அதைச் சிறு துண்டுகளாக்கி அறை வெப்பநிலையில் வைத்து, உடனடியாக, அரை மணியில், ஒரு மணியில், இரண்டு மணியில், நான்கு மணியில் என ஒவ்வொரு துண்டாக உறைய வையுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று உறைசீவல்களை வெட்டி, ஆல்கஹாலில் பதப்படுத்தி, ஒன்றை அப்படியே அளவிடுங்கள். இரண்டாவதை அமைலேஸ் நொதி கலந்த தாங்கல் கரைசலிலும், மூன்றாவதை நொதி இல்லாத அதே கரைசலிலும் ஊறவைத்து உலர்த்திய பிறகு அளவிடுங்கள். நொதி பட்ட சீவலில் மறைந்த அளவே கிளைக்கோஜனுக்கு உரியது. நொதியில்லாக் கரைசலிலேயே மறைந்தது வெறுமனே கரைந்துபோனது. 1080-இல் எஞ்சி நிற்பது பெரும்பாலும் பாஸ்பேட்டுக்கு உரியது. வெவ்வேறு ஆடுகளில், ஒவ்வொன்றும் அறுப்பதற்கு முன் எவ்வளவு நேரம் பட்டினி கிடந்தது என்ற குறிப்போடு, இதைத் திரும்பச் செய்யுங்கள். இந்த வளைகோட்டின் எண்கள் மனிதத் திசுவுக்கு அப்படியே பொருந்த மாட்டா என்றாலும், தாமதம் மட்டுமே 1025 பட்டையை எவ்வளவு இறக்க வல்லது என்பது உங்கள் கருவியிலேயே அளந்து தெரிந்திருக்கும். பின்னர் மருத்துவமனைத் திசுவைக் கேட்டுப் போகும்போது, ஒவ்வொரு மாதிரியும் உடலிலிருந்து அகன்ற நேரத்தையும் ஃபார்மலினில் இட்ட நேரத்தையும் குறித்துத் தர வேண்டும் என்று அறுவை அரங்கில் இருப்பவர்களிடம் காரணத்தோடு கேட்க முடியும்.